ஜப்பான் துப்பாக்கிக்குத் தோட்டா செய்தவள்

காவ்ரோ வுலேட்டிச் தன் துப்பாக்கியை ஆற்றில் விட்ட கதை அமெரிக்காவின் பியூட் சுரங்க நகரத்துச் சாராயக்கடைகளில் ரொம்ப நாள் ஓடியது. முழங்காலளவு தண்ணீர்தான். பாசி பிடித்த கல்லில் கால் வைத்துவிட்டான். ஒரு கையில் துப்பாக்கி, ஒரு கையில் கரையோரத்துக் கிளை. இரண்டில் ஒன்றை விட்டால்தான் நிமிர முடியும். துப்பாக்கியை விட்டான். கீழே ஆழமான மடு. அதோடு சரி. அவன் மனைவி ஸ்தானா இதை யாரிடம் சொன்னாலும் கடைசியில் சொந்தமாக ஒரு வரி சேர்ப்பாள்: "கிளையை விட்டிருக்கணும். துப்பாக்கின்னா வித்தாவது தின்னிருக்கலாம். இந்த மனுஷனை யாரு வாங்குவா?"

காவ்ரோவும் சேர்ந்து சிரிப்பான். சிரித்தால் இருமல் வந்துவிடும். சுரங்கத்தில் பாறை குடைந்த தூசி அவன் நெஞ்சில் குடியேறி வெகு காலமாகியிருந்தது. மலையேறி வேட்டைக்குப் போன கடைசி வருஷமும் அதுதான்.

மறு வருஷம் கோடையில் சுரங்கங்கள் எல்லாவற்றிலும் வேலைநிறுத்தம் தொடங்கியது. இலை பழுத்து உதிர ஆரம்பித்தபோதும் கம்பெனி இறங்கி வரவில்லை, சங்கமும் இறங்கி வரவில்லை. ஸ்தானா பெண்களுக்கு முடி சுருட்டிவிடும் கடையில் வேலை பார்த்தாள். புருஷன் வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது எவள் முடி சுருட்டிக்கொள்ள வருவாள்? நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. மற்ற வருஷங்களில் வீட்டுக்கு ஒரு எல்க் மான் விழும். குதிரை உயரத்துக்கு நிற்கிற மான், ஒன்று விழுந்தால் குளிர்காலம் முழுக்கக் கறிக்குக் கவலையில்லை. அந்த வருஷமோ ஊரே மலையில் இருந்தது. இரவல் கேட்கலாமென்றால் ஒரு வீட்டிலும் துப்பாக்கி சும்மா இல்லை.

இதற்கு நடுவில் நவம்பரில் அவர்கள் வீட்டு ஸ்லாவா வேறு வந்துகொண்டிருந்தது. செர்பிய வீடுகளில் ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு புனிதர் உண்டு; அவருடைய நாளில் போடுகிற விருந்துதான் ஸ்லாவா. வுலேட்டிச் குலத்துக்கு வானதூதர் மிக்கேல். அன்றைக்கு யாரையும் அழைப்பதில்லை. போன வருஷம் வந்தவன் இந்த வருஷமும் வருவான், கூட இன்னொருவனையும் கூட்டி வருவான். கதவு திறந்திருக்க வேண்டும், மேஜையில் கறி இருக்க வேண்டும். வெறும் முட்டைக்கோஸை வேகவைத்து வைத்தால் வந்தவர்கள் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அந்த ஒன்றும் சொல்லாமல் சாப்பிடுகிறதைத்தான் தாங்க முடியாது.

"இந்த வருஷம் உடம்பு சரியில்லன்னு சொல்லிடலாம்" என்றான் காவ்ரோ.

"யாருக்கு உடம்பு சரியில்ல? வானதூதருக்கா?" என்றாள் ஸ்தானா.

அப்போதுதான் அவள் கண் பின்னறைச் சுவரில் போய் நின்றது. அங்கே அவள் தம்பி ஓப்ராடின் ஜப்பான் துப்பாக்கி தொங்கிக்கொண்டிருந்தது.

ஓப்ராட் கல்யாணம் செய்துகொள்ளாமல் அக்கா வீட்டுப் பின்னறையிலேயே இருந்தவன். இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுகளுக்குப் போய் வந்தவன். மற்றவர்கள் திரும்பி ரொம்ப நாள் கழித்துத்தான் வந்தான், வந்தபோது தோளில் அந்தத் துப்பாக்கி இருந்தது. அதற்கு ஒரு கதை உண்டு. விடியற்காலை மழை. புதரிலிருந்து ஒரு ஜப்பான்காரன் கத்திக்கொண்டு ஓடி வருகிறான். ஓப்ராடின் துப்பாக்கியில் சேறு அடைத்துக்கொண்டது. வெறுங்கையால் இவன் அவனுடைய துப்பாக்கியைப் பிடுங்கி... அதற்கு மேல் சொல்ல மாட்டான். கோப்பையைக் கீழே வைத்துவிடுவான். கேட்டவன் எவனாவது அதை நிரப்புவான். துப்பாக்கியின் மேல்பக்கத்தில் பொறித்திருந்த ஜப்பான் அரசரின் பூ முத்திரை சுரண்டப்பட்டிருந்தது. அதையும் அன்றைக்கே தன் கத்தியால் தானே சுரண்டியதாகச் சொல்வான்.

"அந்தத் துப்பாக்கியைக் குடுடா" என்றாள் ஸ்தானா.

"அதுக்குத் தோட்டா எங்கக்கா கிடைக்கும்? ஜப்பான்ல போய்த்தான் வாங்கணும்."

"கிடைக்காட்டி செஞ்சுக்குறேன்."

ஓப்ராட் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் அவன் முகம் ஒரு மாதிரி ஆனது. "வேண்டாம்க்கா. பழைய இரும்பு. வெடிச்சு மூஞ்சியில அடிச்சா என்ன பண்ணுவே?"

"என் மூஞ்சியை வச்சு இப்ப யாரும் கல்யாணம் பேச வரல. எடுத்துக் குடு."

தோட்டா நிரப்புவது அவளுக்குப் புதிதல்ல. சுட்டுப்போட்ட பித்தளைக் கூட்டைப் பொறுக்கி வந்து, சரிசெய்து, மறுபடி மருந்தும் குண்டும் வைப்பது அந்த ஊரில் பாதி வீடுகளில் நடக்கிற காரியம்தான். அவர்கள் வீட்டுச் சமையல் மேஜையின் ஓரத்திலும் கைப்பிடி வைத்த ஒரு பிரஸ் திருகி வைத்திருந்தது. காவ்ரோ மருந்து நிறுப்பான், அவள் பிரஸ் இழுப்பாள். ஆனால் அதெல்லாம் நம்மூர்த் துப்பாக்கிக்கு நம்மூர்க் கூடு. ஒரு வாய் அளவுக்குச் செய்த கூட்டை இன்னொரு வாய் அளவுக்கு மாற்றியது கிடையாது.

துப்பாக்கி சீர்செய்யும் ஃபின்லாந்துக்காரர் வைனோவிடம் போனாள். அவர் பேசுவதற்கு முன் பேசலாமா வேண்டாமா என்று யோசிக்கிற ஆள்.

"ஜப்பான் கூடும் நம்ம பட்டாளத்துக் கூடும் அடிப்பக்கம் ஏறக்குறைய ஒண்ணுதான்" என்றார், யோசித்து முடித்த பிறகு. "நம்மது நீளம். தோள், அதான் கூடு கழுத்தா ஒடுங்குற இடம், மேல இருக்கு. தோளைக் கீழ இறக்கணும், மிச்சத்தை வெட்டணும். அச்சு என்கிட்ட இருக்கு. கொண்டு போ."

"வேற ஏதாவது சொல்லணுமா பெரியவரே?"

"தோட்டா உக்காருற அறையை முதல்ல அச்சு எடுத்துப் பாத்துக்க. கந்தகத்தை உருக்கித் துப்பாக்கி அறைக்குள்ள ஊத்தினா உள்ள இருக்கிற வடிவம் அப்படியே வெளியில வரும். உள்ள என்ன இருக்குன்னு தெரியாம வேலை தொடங்காதே."

அவள் சரி என்று தலையாட்டினாள். கந்தகம் வாங்கவில்லை. வீட்டுக்குள் கந்தகம் உருக்கினால் காவ்ரோவின் நெஞ்சு என்ன ஆகும்? வெளியில் காற்று அடித்துக்கொண்டிருந்தது. ஜப்பான் துப்பாக்கிக்குள் ஜப்பான் அறை இல்லாமல் வேறு என்ன இருக்கப்போகிறது என்று விட்டுவிட்டாள்.

குறி பார்த்துப் பழகும் மைதானத்தில் பட்டாளத்துக் கூடுகள் மண்ணோடு கிடக்கும். ஒரு பை பொறுக்கி வந்தாள். உப்பும் வினிகரும் போட்டுக் கழுவினாள். வேலை ஆரம்பமானது.

முதல் நாள் ஒன்றும் தேறவில்லை. பித்தளை சும்மா சொன்ன பேச்சைக் கேட்காது. கூட்டின் மேல் எண்ணெய் குறைந்தால் அச்சுக்குள் சிக்கிக்கொள்ளும். இழுத்தால் அடி விளிம்பு பிய்ந்து வரும். எண்ணெய் கூடினால் தோளில் குழி விழும். அவசரப்பட்டு ஒரே அழுத்தாக அழுத்தினால் கழுத்து கிழவன் கழுத்து மாதிரி சுருங்கிப்போகும். சிக்கிய கூட்டை எடுக்க வைனோ கடைக்கு நடையாக நடந்தாள். அவர் துளை போட்டு எடுத்துக் கொடுப்பார்.

எண்ணெய்க்கு வழி அவள் கடையிலேயே இருந்தது. காய்ந்த முடிக்குப் பூசுகிற ஆட்டுரோமக் கொழுப்பு. ஒரு விரல் நுனியில் எடுத்து, தலைக்குத் தடவுகிற மாதிரி கூட்டின் மேல் மெல்லத் தடவினாள். அடுத்த கூடு அச்சுக்குள் முனகாமல் போய்விட்டு வந்தது. அன்றைக்கு அவள் பாடிக்கொண்டே சமைத்ததாகக் காவ்ரோ பிற்பாடு எல்லாரிடமும் சொன்னான்.

கழுத்தை இளக்க நெருப்பு வேண்டும். கேக் சுடுகிற தட்டில் தண்ணீர் ஊற்றி, கூடுகளைப் பாதி முழுகும்படி நிறுத்தி வைத்து, காவ்ரோவின் ஊதுவிளக்கால் கழுத்துகளை மட்டும் வாட்டுவாள். நிறம் மாறுகிற நொடியில் ஒரு தட்டு. கூடு தண்ணீரில் சாய்ந்து சீறும். அடி கெட்டியாக இருக்க வேண்டும், கழுத்து மட்டும் இளக வேண்டும். பிறகு மெல்லிய ரம்பத்தால் தலையை வெட்டி, பிசிறு நீக்கி, மறுபடி அச்சில். தோளாக இருந்த தடித்த பித்தளை இப்போது கழுத்தாகிவிட்டதால், உள்ளே துருவி அதன் தடிப்பைக் குறைக்க வேண்டும். விரல் நுனிகள் வெந்து கொப்பளித்தன. கடைக்கு வந்த ஒருத்தி, "என்ன ஸ்தானா, அடுப்புல கையை வச்சுட்டியா?" என்றாள். "தோட்டா செய்யிறேன்" என்றாள் இவள். அவள் அதற்குப் பிறகு தலையை அசைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

ஓப்ராட் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தான். காப்பிக் கோப்பையோடு வந்து மேஜையோரம் நிற்பான். ஏதோ சொல்ல வருவான். "அக்கா..." என்பான்.

"என்னடா?"

"ஒண்ணுமில்ல. இன்னும் கொஞ்சம் கொழுப்பு தடவணுமோன்னு நினைச்சேன்."

"முடி கொட்டுறவனெல்லாம் எனக்குக் கொழுப்பு தடவச் சொல்லித் தர்றான்" என்பாள். அவன் போய்விடுவான்.

ஒரு கைப்பிடி கூடுகள் நல்லபடியாகத் தேறின. துப்பாக்கிக்குள் வைத்து மூடிப் பார்த்தாள், தடையில்லாமல் மூடியது. கொஞ்சம் தாராளமாகவே மூடியது. நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டாள். அடியில் பொட்டு வெடி பதித்து, மருந்தைக் குறைவாகப் போட்டு, கொஞ்சம் பருத்த குண்டாகத் தேடி வைத்தாள். இப்படி மாற்றிய கூடு முதல் வெடியில்தான் துப்பாக்கியின் அறைக்குள் விரிந்து கடைசி வடிவத்துக்கு வரும். அந்த முதல் வெடியைத் தோளில் வைத்துச் சுடுகிறவன் முட்டாள்.

ஊருக்கு வெளியே சரளைக்கல் பள்ளத்துக்கு ஓப்ராடின் பழைய லாரியில் போனார்கள். காவ்ரோவைப் புழுதிக்குக் கூட்டிப்போகவில்லை. ஒரு பழைய டயரில் துப்பாக்கியை வைத்துக் கட்டினாள். விசையில் கயிறு கட்டி லாரிக்குப் பின்னால் கொண்டுவந்தாள்.

"கயித்தை என்கிட்ட குடு" என்றான் ஓப்ராட்.

"ஏன், நான் இழுத்தா வராதா?"

"குடுன்னா குடுக்கா. நீ லாரிக்குள்ள போய் உக்காரு." கயிற்றுக்குக் கை நீட்டினான். அவன் பயப்படுகிறான் என்று கண்டு அவளுக்கே பாவமாகிவிட்டது. கயிற்றைக் கொடுத்தாள். லாரிக்குள் மட்டும் போகவில்லை.

வெடித்தது. பள்ளம் முழுக்க எதிரொலி சுற்றி வந்தது. துப்பாக்கிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஸ்தானா ஓடிப்போய்த் திறந்து கூட்டைக் கையில் எடுத்தாள்.

கூடு உடையவில்லை, கிழியவுமில்லை. ஆனால் அவள் வாரக்கணக்காகப் பாடுபட்டுக் கீழே இறக்கிய தோள், எழுந்து பழைய இடத்துக்கே போயிருந்தது. கழுத்து பாதியாகக் குட்டையாகிவிட்டது. தான் எங்கோ தப்பு செய்துவிட்டோம் என்று நினைத்தாள். இன்னொன்று வெடித்தார்கள். அதுவும் அப்படியே. மூன்றாவதும் அச்சு மாறாமல் அப்படியே.

அவள் கோட்டுப் பையில் வெட்டாத பட்டாளத்துக் கூடு ஒன்று கிடந்தது. அதை எடுத்தாள். லாரியின் முன்மூடி மேல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினாள். தோளுக்குத் தோள் மயிரிழை பிசகவில்லை. இரட்டைப் பிள்ளைகள்; ஒன்றுக்குத் தலை வெட்டியிருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். வெட்டாத கூட்டைத் துப்பாக்கிக்குள் போட்டு மூடினாள். தன் வீட்டுக்குள் நுழைகிறவனைப் போல அது உள்ளே போய் உட்கார்ந்தது.

"ஓப்ராட்."

"ம்."

"இங்க வா. இதைப் பாரு."

அவன் வரவில்லை. கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தான். சுருட்டியதை அவிழ்த்து மறுபடி சுருட்டினான்.

"உனக்குத் தெரியும்" என்றாள்.

அவன் கயிற்றை மறுபடி அவிழ்த்தான்.

"எப்பயிருந்துடா தெரியும்?"

"வாங்கினப்பவே கடைக்காரன் சொன்னான். அறையைக் குடைஞ்சு விட்டிருக்கு, நம்ம பட்டாளத்துத் தோட்டாவே போகும்னு."

"வாங்கினப்ப."

"ஆமா."

"கடையில."

"ஆமாக்கா. சியாட்டில்ல, துறைமுகம் பக்கத்துல. கப்பல்லருந்து இறங்கி வந்து."

ஸ்தானாவுக்கு முதலில் வந்தது கோபம்தான். "நான் கை வெந்து கொப்பளிச்சு நிக்கிறேன். தோளை இறக்கு, தலையை வெட்டு, கழுத்தைத் துருவுன்னு... நீ பக்கத்துல நின்னு காப்பி குடிச்சியேடா! கொழுப்பு தடவச் சொன்னியேடா, பாவி!" சொல்லிக்கொண்டு வரும்போதே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே டயரில் உட்கார்ந்தாள். அவன் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் அவள் சிரிப்பும் நின்றது.

"அப்ப அந்த ஜப்பான்காரன்?"

"எவனும் ஓடி வரலக்கா. என்னை நோக்கி ஒருத்தனும் எப்பவும் ஓடி வந்ததில்ல. நான் போனப்ப எல்லாரும் படுத்துத்தான் இருந்தாங்க."

லாரியில் உட்கார்ந்து, கண்ணாடியைப் பார்த்தபடி சொன்னான். அவனைப் போட்டது செத்தவர்களைத் தேடி எடுக்கிற பிரிவில். சண்டை முடிந்த தீவுகளுக்கு அவர்கள் பின்னாலேயே போவார்கள். முதலில் புதைப்பது. போர் முடிந்த பிறகு, அவசரத்தில் ஆங்காங்கே புதைத்தவர்களைத் தோண்டி எடுத்து, பேர் கண்டுபிடித்து, ஒரே இடத்தில் வரிசையாக வைப்பது. அதனால்தான் வர அவ்வளவு தாமதமானது. பல்லைப் பார்த்துப் பேர் கண்டுபிடிப்பார்கள், செருப்பைப் பார்த்துக் கண்டுபிடிப்பார்கள்.

"வந்தவுடனே ஒரு தடவை சொல்லிப் பாத்தேன். இங்க இல்ல, ரயில்ல, எதிர்ல உக்காந்திருந்தவன்கிட்ட. அவன் எழுந்து வேற பெட்டிக்குப் போயிட்டான். என் கையைப் பாத்துக்கிட்டே போனான். அதான் துப்பாக்கிக்கு ஒரு கதை சேத்துக்கிட்டேன். கதை இருந்தா ஜனங்க துப்பாக்கியைப் பாப்பாங்க, கையைப் பாக்க மாட்டாங்க."

ஸ்தானா அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். சின்ன வயதில் செய்தது. அதற்குப் பிறகு செய்ததில்லை. பிறகு, "லாரியை எடு. குளிருது" என்றாள்.

தோள் எழுந்து போன அந்தக் கூடுகளை அவள் வீசிவிடவில்லை. இப்போது அவை ஜப்பான் கூடும் இல்லை, பட்டாளத்துக் கூடும் இல்லை. உலகத்தில் அந்த ஒரு துப்பாக்கியின் அறைக்கு அளவெடுத்துத் தைத்தவை. கழுத்தை மட்டும் அச்சில் லேசாகப் பிடித்துவிட்டு மருந்து நிறைத்தாள். அக்காவும் தம்பியும் தெற்கு மலைக்குப் போனார்கள். இரண்டு நாள் பனியில் நடந்து வெறுங்கையோடு திரும்பினார்கள். மூன்றாம் நாள், ஊசியிலைக் காட்டின் ஓரத்தில், காற்று எதிர்ப்பக்கம் வீசுகிற நேரத்தில் ஒரு பெண் எல்க் தனியாக நின்றது. ஸ்தானா நம்பிச் சுடக்கூடிய தூரம் வரும்வரை வயிற்றால் ஊர்ந்தாள். ஒரே குண்டு. மான் நாலடி நடந்து உட்கார்ந்தது. கறியைச் சுமந்து இறக்கியது ஓப்ராட்தான். அறுக்கும்போது அவன் கை அவசரப்படவேயில்லை என்பதை அவள் அன்றைக்குத்தான் கவனித்தாள். எவ்வளவு மெதுவாக, எவ்வளவு மரியாதையாக அறுத்தான் என்பதையும்.

ஸ்லாவா அன்று மேஜை நிறைந்திருந்தது. முட்டைக்கோஸ் இலையில் கறி சுருட்டி வேகவைத்தது, சுட்ட கறி, வால்நட் வைத்துச் சுருட்டிய ரொட்டி, நடுவில் மெழுகுவர்த்தி, தேன் கலந்த கோதுமை. வேலைநிறுத்தக் காலத்தில் இந்த வாசனையே ஒரு திருவிழாதான். போன வருஷம் வந்தவர்கள் எல்லாரும் வந்தார்கள், வராதவர்களும் வந்தார்கள். வைனோ கூட வந்து, மூலையில் உட்கார்ந்து, பேசலாமா என்று யோசித்துக்கொண்டே மூன்றாம் தட்டு சாப்பிட்டார்.

பிளம் சாராயம் ஒரு சுற்று போனதும் ஒருவன் கத்தினான்: "ஓப்ராட், கதையைச் சொல்லு! இன்னைக்கு அந்தத் துப்பாக்கிக் கறியில்ல தின்னுக்கிட்டிருக்கோம்!"

"சொல்லு! சொல்லு!"

ஓப்ராட் எழுந்தான். அக்காவைப் பார்த்தான். "அந்தக் கதை பொய்" என்றான்.

அறை முழுக்கச் சிரிப்பு வெடித்தது. மேஜையைத் தட்டினார்கள். "இந்தத் தடவை புதுசா ஆரம்பிக்கிறான்டா!" என்றான் ஒருவன். "உக்காந்து ஒழுங்கா சொல்லு மச்சான்" என்றான் இன்னொருவன். உண்மையைச் சொன்னால் நம்பமாட்டேன் என்கிறவர்களிடம் என்ன செய்வது? ஓப்ராட் கோப்பையைத் தள்ளி வைத்தான். பிறகு சொல்லத் தொடங்கினான்.

"விடியக்காலம். மழை" என்றான். இதுவரை பழைய கதைதான். எல்லாரும் வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார்கள். "புதர்ல ஒரு ஜப்பான்காரன் இருந்தான். கத்தல. செத்து நாளாகியிருந்தது. பக்கத்துல நம்ம ஆளு ஒருத்தன். ரெண்டு பேரும் ஒரே குழியில கிடந்தாங்க. நாங்க ரெண்டு பேரையும் எடுத்தோம். அது என் வேலை. போர் முழுக்க அதுதான் என் வேலை. துப்பாக்கி கடையில வாங்கினது."

யாரும் சிரிக்கவில்லை. ஒருவன் முள்கரண்டியைக் கீழே வைத்தான். இன்னொருவன் சன்னலைப் பார்த்தான். காவ்ரோ இருமலை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஓப்ராட் உட்கார்ந்து தன் கைகளை மேஜைக்கு அடியில் இழுத்துக்கொண்டான். அதைப் பார்த்த ஸ்தானா, இவனை ஏன் பேசவிட்டோம் என்று நாற்காலியைத் தள்ளி எழப்போனாள்.

மேஜையின் கோடியிலிருந்து பெட்ரானா அத்தை எழுந்தாள். தெருக்கோடியில் தனியாக இருக்கிற விதவை. அவளுடைய ஒரே மகன் அந்தப் பசிபிக் தீவுகளில் ஒன்றில் செத்து அங்கேயே அடக்கமானவன். அவள் அதைப் பற்றிப் பேசி யாரும் கேட்டதில்லை. சுவரைப் பிடித்து நடந்து வந்து ஓப்ராடின் முன்னால் நின்றாள்.

"எங்கெங்க இருந்தே?" என்று கேட்டாள்.

அவன் தீவுகளின் பேரைச் சொன்னான். ஒரு பேருக்கு அவள் கண்ணை மூடித் திறந்தாள்.

"அங்க இருந்தியா?"

"இருந்தேன் அத்தை."

"என் பையனை நீ பாத்தியா?"

"தெரியாது அத்தை. பொய் சொல்ல மாட்டேன். நிறையப் பேரு."

"சரி" என்றாள். "அது இருக்கட்டும். நான் ஒண்ணு கேக்கணும். யார்கிட்ட கேக்கிறதுன்னு இத்தனை வருஷமா தெரியல. சாமியாரைக் கேட்டேன், அவன் சொர்க்கத்தைப் பத்திச் சொல்றான். எனக்கு மண்ணைப் பத்தித் தெரியணும். ஒழுங்கா வச்சாங்களாடா? குப்பை மாதிரி தள்ளிட்டாங்களா, இல்ல ஒழுங்கா வச்சாங்களா?"

ஓப்ராட் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். "ஒவ்வொருத்தரையும் தனித்தனியா போர்வையில சுத்துவோம் அத்தை. தண்ணி கிடைச்சா முகத்தைத் துடைப்போம். தலைமாட்டுல சிலுவை நட்டு, வரிசை பிசகாம வைப்போம். பேரு சரியான்னு ரெண்டு பேரு பாத்த பிறகுதான் மண்ணைத் தள்ளுவோம். தூக்கும்போது எங்க சார்ஜென்ட், மெதுவா, தூங்குறாங்கன்னு சொல்வாரு. எல்லாரும் மெதுவாத்தான் தூக்குவோம்."

"நீயும்?"

"நானும்."

பெட்ரானா குனிந்து மேஜைக்கு அடியிலிருந்து அவனுடைய வலது கையை இழுத்தெடுத்தாள். இரண்டு கைகளாலும் பிடித்து, எல்லார் முன்னாலும், கோயிலில் ஐகன் என்கிற புனிதர் படத்தை முத்தமிடுகிற மாதிரி அதை முத்தமிட்டாள். பிறகு அவன் பக்கத்து நாற்காலியில் இருந்தவனைப் பார்த்து, "எழுந்திருடா, நான் உக்காரணும்" என்றாள். அவன் துள்ளி எழுந்தான்.

வைனோதான் முதலில் கோப்பையைத் தூக்கினார். மற்றவர்களும் தூக்கினார்கள். மெல்ல மெல்லப் பேச்சு திரும்பி வந்தது. கறி இன்னொரு சுற்று வந்தது. பெட்ரானா அத்தை அன்று முழுக்க அவனுடைய பக்கத்தை விட்டு நகரவில்லை. எப்படி மழை பெய்யும், மண் என்ன நிறம், மரம் இருக்குமா, நிழல் விழுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் சொல்லிக்கொண்டிருந்தான்.

வேலைநிறுத்தம் பனி இறுகிய பிறகு முடிந்தது. காவ்ரோவைச் சுரங்கத்துக்குள் மறுபடி எடுக்கவில்லை. வாயிலில் காவல் வேலை கொடுத்தார்கள், அது அவன் ஆயுளைச் சில வருஷம் நீட்டியது. ஸ்தானா கந்தக விஷயத்தை ஒருநாள் வைனோவிடம் ஒப்புக்கொண்டாள். அவர் யோசித்துவிட்டு, "தெரியும்" என்றார். "ஸ்லாவா அன்னைக்கு அறையைத் திறந்து பாத்தேன்." அதன்பின் தன் கடைக்கு வருகிற அநாதைத் துப்பாக்கிகளையெல்லாம் அவளிடமே அனுப்பத் தொடங்கினார். யாரோ ஒருவரின் தாத்தா ஆஸ்திரியாவிலிருந்து கொண்டுவந்தது, இத்தாலிக்காரன் கல்யாணத்துக்கு வாங்கியது, எந்தக் கடையிலும் தோட்டா கிடைக்காதது. எந்தக் கூட்டிலிருந்து எந்தக் கூடு வரும் என்பதை அவள் ஒவ்வொன்றாகக் கெடுத்துக் கெடுத்தே கற்றுக்கொண்டாள். முடி சுருட்டும் கடையை விட்டுவிடவும் இல்லை. காலையில் தலைகள், மாலையில் தோட்டாக்கள். "ரெண்டும் ஒண்ணுதான்" என்பான் காவ்ரோ. "சூடு பண்ணி, கொழுப்பு தடவி, அவ சொன்ன பக்கம் வளைக்கணும்." "உன்னைத்தான் ஒண்ணும் பண்ண முடியல யோவ்" என்பாள் அவள்.

சாராயக்கடையில் புதிதாக வந்த பையன்கள் சிலருக்கு ஒரு குறை. ஜப்பான்காரன் கதை அவ்வளவு நன்றாக இருக்குமாம், ஓப்ராட் இப்போதெல்லாம் சொல்ல மாட்டேன் என்கிறானாம். ஒருவன் ஸ்தானாவிடமே வந்து சிபாரிசு கேட்டான்.

"நல்ல கதைதான்" என்றாள் ஸ்தானா, ஒரு கூட்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துக்கொண்டே. "ஞாயித்துக்கிழமை கேட்டா சொல்வானோ என்னமோ. ஆனா ஞாயித்துக்கிழமை அவன் பெட்ரானா அத்தையைக் கோயிலுக்குக் கூட்டிப் போவான். அதுக்கப்புறம் அவங்க வீட்டுல காப்பி. அந்தம்மா சீக்கிரம் விடாது."

அவன் கேட்ட பதில் அது இல்லை. தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டான். அவள் அடுத்த கூட்டை எடுத்துக் கொழுப்பு தடவினாள்.